சுவரைப் பார்த்து நின்றவர்

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறுக்கு முன்பு நடந்தவை இவை. வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

1. வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்குத் தாம்பரத்தில் மின்சார ரயிலைவிட்டு இறங்கியபோது என் போன் பையில் இல்லை.

2. மீன் விற்கும் ஒரு குடும்பத்துக்கு நான் செய்து கொடுத்த இணையதளத்தின் பெயர், அதாவது டொமைன், அன்றோடு காலாவதி. புதுப்பிக்கச் சொல்லி மூன்று மெயில் வந்திருந்தது. மூன்றையும் "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" என்று தள்ளியிருந்தேன்.

3. சனிக்கிழமை காலை தளம் திறக்கவில்லை. மீன் படங்கள் இருந்த இடத்தில், இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஒரு வெள்ளைப் பக்கம்.

4. அந்தப் பெயரை என் பெயரில், என் போன் நம்பரில் பதிந்திருந்தேன். உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி தொலைந்த போனுக்குப் போகும்.

5. அதே நம்பரில் புது சிம் வாங்கி அம்மாவின் பழைய போனில் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு உயிர் வந்தது. "கால் வரும் மேடம். எஸ்எம்எஸ் மட்டும் ஒரு நாள் கழிச்சுத்தான். ரூல்ஸ் அப்படி" என்றார் கடைக்காரர்.

6. மீன் ஆர்டர் வருவது சனி மதியத்திலிருந்து ஞாயிறு காலை எட்டு வரை. ஒரு மாதம் மீன் தொடாத வீடுகள் எல்லாம் காத்திருக்கும் ஞாயிறு அது.

7. பம்மல் அறைக்கு வந்து இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். எதிர் மேசையில் இருந்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

ஏழாவது வரியில் வருபவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதப்போவதில்லை; தன் பெயர் எங்கேயும் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. செய்து முடித்த தளங்களின் அடியில் 'உருவாக்கியவர்' என்று ஒரு வரி போட்டுக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம். அதைக்கூடப் போடமாட்டார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர்.

இருவரும் தனியாக வேலை எடுத்து வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். ஃப்ரீலான்ஸ் என்றால் முதலாளி கிடையாது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். போன் நம்பர் தெரிந்த எவரும் எந்த நிமிடமும் முதலாளி ஆகலாம் என்பதுதான் அதற்குப் பொருள். தோல் கையுறை தைக்கும் பட்டறைக்கு மேலே எங்கள் அறை. கீழே மிஷின்கள் மொத்தமாக ஓடும்போது மேசையில் டீ கிளாஸ் நகரும். வீடியோ காலில் பேசுபவர்கள், "மேடம், ரயில்ல போய்க்கிட்டிருக்கீங்களா?" என்பார்கள்.

ஒரு வாரத்தில் எங்கள் காதில் விழுபவற்றை ஒருமுறை எழுதி வைத்தேன். "சின்ன சேஞ்ச்தான், அஞ்சு நிமிஷ வேலை." "லோகோ இன்னும் கொஞ்சம் பெருசா." வாட்ஸ்அப்பில் மங்கலான படத்தை அனுப்பிவிட்டு, "ஏன் மேடம் மங்கலா தெரியுது?" எல்லாவற்றுக்கும் மேலே, "என் மச்சான் போன்ல மட்டும் வேற மாதிரி வருது."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு நான் அரை நாள் செலவழிப்பேன். அக்கா செலவழிக்கமாட்டார். "அப்படியா சார்? மச்சானை போனோட வரச் சொல்லுங்க" என்பார். ஒருமுறை ஒரு மச்சான் உண்மையிலேயே படப்பையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தால், எழுத்தளவை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருந்தார்.

"கண்ணு சரியா தெரியலைம்மா" என்றார் மச்சான்.

"அப்போ தப்பு உங்க மேல இல்ல சார், எங்க மேலதான்" என்று சொல்லிவிட்டு, அவரை டீ குடிக்க வைத்து, பெரிய எழுத்திலும் சரியாகத் தெரியும்படி தளத்தை மாற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அக்காவிடம் இதுதான் சங்கடம். திட்டலாம் என்று நினைக்கும்போது நியாயமாக ஏதாவது செய்துவிடுவார்.

அக்காவின் மற்ற குணங்களை நான் மறந்துவிடலாம். ஒன்றை மறக்க முடியாது. அடுத்தவர் சாவியை, அதாவது பாஸ்வேர்டை, அவர் தன் கையில் வைத்துக்கொள்ளமாட்டார்.

எங்கள் தொழிலின் நடைமுறை வேறு. தளத்தின் பெயரை, தளத்தைச் செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்வார்கள். பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்கும். வாடிக்கையாளருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படமாட்டார். பிறகொரு நாள் வேறு ஆளிடம் போக நினைக்கும்போதுதான், தன் கடையின் பெயர்ப்பலகை இன்னொருவர் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பது அவருக்குப் புரியும். இது ஏமாற்று என்று எங்களில் யாரும் சொல்வதில்லை. 'கிளையன்ட் ஓடாம இருக்க' என்று சொல்வோம்.

அக்கா வாடிக்கையாளரை அறைக்கே வரவழைப்பார். தன் நாற்காலியில் உட்காரவைப்பார். அவர் போனிலேயே, அவர் பெயரிலேயே டொமைன் பதிய வைப்பார். பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வந்ததும் அக்கா விலகி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். சும்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. முழு உடம்பையும் திருப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெயின்ட் உரிந்த அந்தச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்பார். "முடிஞ்சுது" என்று அவர்கள் சொல்லும்வரை திரும்பமாட்டார். ஒற்றை விரலில் தட்டுபவர் என்றால் ஐந்து நிமிடம்கூட ஆகும்.

சேலையூர் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒருவருக்கு இது கோபத்தையே வரவழைத்தது.

"ஏம்மா, உன்னை நம்பித்தானே வந்திருக்கேன்? நீயே ஒண்ணு போட்டுக்கோ."

"நம்பிக்கை வேற, சாவி வேற சார்" என்றார் அக்கா, சுவரிடம்.

"என் பொண்ணு மாதிரி நீ."

"உங்க பொண்ணுகிட்ட மண்டபத்து சாவி இருக்கா சார்?"

மண்டபக்காரர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல" என்றார். பிறகு தட்ட ஆரம்பித்தார்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் அக்காவை மெச்சிக்கொண்டு போகலாம். அடுத்த தை மாதம் மண்டபக்காரர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். மீட்பதற்கு அவர் கொடுத்திருந்த மெயில் வெளிநாட்டில் இருக்கும் மகனுடையது. மகனுக்கும் அதன் பாஸ்வேர்டு நினைவில்லை. காலியாக இருந்த முகூர்த்தங்களைத் தளம் 'நிரம்பியது' என்று காட்டிக்கொண்டிருந்தது; உள்ளே போய்த் திருத்த வழியில்லை. எங்கள் அறை வாசலில் நின்று அவர் கத்தியதில் கீழே மிஷின்கள் நின்றன.

"ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கக் கூடாதா? ஊர் உலகத்துல எல்லாரும் வெச்சிருக்கான்ல? திமிரு! வேற ஒண்ணும் இல்ல, திமிரு!"

"என்கிட்ட இல்ல சார்."

"அதைத்தானே கேக்குறேன், ஏன் இல்ல?"

மண்டபக்காரர் பக்கம் நியாயம் இருப்பதாக அன்று எனக்குப் பட்டது. இன்றும் பாதி படுகிறது. பாஸ்வேர்டை மீட்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் அக்கா மண்டபத்துக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடையாள அட்டை நகல், கையெழுத்து, கடிதம் என்று ஒவ்வொன்றாக அனுப்ப வைத்து மீட்டுக்கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. தன் வழக்கத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்துகொண்டார். அதன்பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு காக்கிக் கவரும் பேனாவும் கொடுத்தார். "இதுல எழுதி ஒட்டிடுங்க. பீரோவுல நகை பக்கத்துல வைங்க." அவர்கள் எழுதி ஒட்டும்வரை மறுபடியும் சுவர்.

நானோ பதினான்கு தளங்களின் பெயரையும் என் பெயரில் வைத்திருந்தேன். எந்த நாளில் எது காலாவதி என்று நிறம் பிரித்து ஓர் அட்டவணை. அதற்கு 'பாதுகாப்பு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். யாருடைய பாதுகாப்பு என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

"உங்களுக்கு அடுத்த வருஷம் வேலை வேணாமா அக்கா? சாவியக் குடுத்தா போயிடுவாங்க" என்று ஒருமுறை கேட்டேன்.

"போகட்டும்."

"போயிட்டா?"

"போறவங்கள கதவ சாத்தி வெச்சிக்கிட்டு என்ன வேலை செய்வ?" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவரோடு வாதாடுவது எப்போதும் இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை "சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று அவர் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"என்கிட்ட. தெரியும்ல? சொல்லிக் காட்டணுமா?"

"சொல்லிக் காட்டல. சர்வர் ஓடுதான்னு பாரு."

ஓடியது. போனது பெயர் மட்டும்தான். பலகை விழுந்த கடை போல, உள்ளே எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. இதுவரை ஆர்டர் கொடுத்தவர்களின் நம்பர்கள் நூற்று அறுபத்து மூன்று. கீழே ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். அறைக்குத் திரும்பி, "ஆளுக்குப் பாதி கூப்பிடலாம் அக்கா" என்றேன்.

"இது யாரோட நம்பர்?"

"கஸ்டமரோடது."

"யாரோட கஸ்டமர்?"

இந்த நேரத்திலுமா என்று அழுகை வந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தார்.

அந்த மீன் குடும்பத்தில் மூத்தவரான மீன்காரம்மாவுக்கு வீடு கோவளம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில். மீனைச் சுத்தம் செய்து பொட்டலம் கட்ட பெருங்களத்தூரில் ஒரு ஷட்டர் கடையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கிருந்து பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளுக்குப் போகும். தளத்தைக் கவனித்தது அவருடைய மருமகள். மாமியாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆடி, ஆவணியில் கூடைக்காரிகளைவிட மருமகளின் போன் அதிகம் விற்றதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஐஸ்.

வழியெல்லாம் நான் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று தொடங்கும் வாக்கியம். மருமகள் நிமிர்ந்து என்னிடம், "ஏன்க்கா, மதியத்துலேர்ந்து ஒரு ஆர்டர்கூட காணோம்?" என்று கேட்டதும் அது என் வாயில் நிற்கவில்லை. "தளத்தோட பேர் உங்க பேர்ல இல்ல, என் பேர்ல வெச்சிருந்தேன். புதுப்பிக்காம விட்டுட்டேன். போன் வேற போச்சு. நாளைக்கு மதியம்வரைக்கும் திறக்காது" என்றேன்.

அக்கா ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா கண்ணு, கடைய நீ கட்டிக் குட்த்த, சரி. சாவிய இன்னாத்துக்கு எத்துகினு போன?"

"தப்புதான்மா."

"ஒரு மாசமா வலைய பாத்துகினு குந்திகினு கீறோம். நாளிக்கி ஒரு நாளுக்கோசரம். தப்புன்னு சொன்னா மீனு பெட்டிய வுட்டு எழுந்து கடலுக்குப் போய்டுமா?"

பிரின்ட் எடுத்ததை மருமகளிடம் கொடுத்தேன். அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முதல் நம்பரைக் கூப்பிட்டார். "மேடம், வெப்சைட்டு கொஞ்சம் ரிப்பேரு..." என்று தொடங்கியவரால் மேலே விளக்க முடியவில்லை. நான்காவது காலில் போனை நான் வாங்கினேன். "வணக்கம் மேடம், இவங்களுக்கு வெப்சைட் செஞ்சு குடுத்தவ பேசறேன். அது நிக்கறதுக்குக் காரணம் நான். ஆர்டரை இவங்ககிட்டயே..."

"அதெல்லாம் எனக்கு எதுக்கும்மா? வஞ்சிரம் இருக்கா இல்லையா?"

மருமகள் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை, ஆனால் கத்தியைத் திரும்ப எடுத்தார்.

அதன்பின் ஒரு நடைமுறை அமைந்தது. மருமகள் கூப்பிடுவார், நான் காரணம் சொல்வேன், அவர் ஆர்டர் வாங்குவார், அக்கா வீட்டு எண்ணோடு எழுதுவார். சிலர் திட்டினார்கள். ஒருவர் மட்டும், "தப்பு எங்களோடதுன்னு போன் பண்ணிச் சொல்ற கம்பெனிய இப்பதாம்மா பாக்குறேன்" என்று கூடுதலாக அரை கிலோ இறால் சொன்னார். நாற்பத்தைந்து பேர் எடுக்கவே இல்லை. இருட்டுவதற்குள் மற்றவர்களிடம் பேசி முடித்துவிட்டோம். தாளை மருமகளிடமே விட்டுவிடச் சொன்னார் அக்கா. லேப்டாப்பில் நான் இறக்கியிருந்த பிரதியையும் என் கையாலேயே அழிக்க வைத்தார்.

ஞாயிறு பன்னிரண்டே காலுக்கு அம்மாவின் பழைய போன் முனகியது. ஓடிபி. பெயரைப் புதுப்பித்தேன். கடையின் ஓரத்தில் இரண்டு பெட்டி சங்கரா மீன் விற்காமல் ஐஸில் கிடந்தது. மீன்காரம்மா அதன் மூடியைத் திறந்து என்னைப் பார்க்க வைத்தார். அந்த இரண்டு பெட்டியை இன்றுவரை என்னால் எந்தப் பட்டியலிலும் சரிக்கட்ட முடியவில்லை.

அங்கேயே, அந்த ஈரத் தரையிலேயே, டொமைனை மருமகளின் பெயருக்கு மாற்றினேன். பாஸ்வேர்டு கட்டம் வந்தது. செதில் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு மருமகள் தட்டத் தொடங்க, அக்கா எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டைல்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இன்னாத்துக்கும்மா செவுத்த பாத்துகினு நிக்கிற? சாமி கும்புடறியா?" என்றார் மீன்காரம்மா.

"சாவி போடறாங்கம்மா. பாக்கக் கூடாது."

மீன்காரம்மா அவரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தானும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நானும் திரும்பினேன். மூன்று பெண்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றோம். பின்னால் ஒருத்தி தன் கடைக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதத்துக்குள் மற்ற பதிமூன்று பேருக்கும் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பேர் ஒரு வருடத்தில் வேறு ஆட்களிடம் போனார்கள். குரோம்பேட்டையில் இதே தொழில் செய்யும் ஒருவர், "தொழில் தெரியாத பொண்ணுங்க ரெண்டு ஒண்ணா சேர்ந்துச்சு" என்று என் காதுபடவே சொன்னார். ஆமாம், அந்தத் தொழில் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை.

அக்கா அதற்கடுத்த வருடம் அறையைக் காலி செய்தார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை என்றார். மாதச் சம்பளம் வேண்டியிருந்ததா, சலித்துவிட்டதா, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னிடம் ஒப்படைக்க ஒரு பாஸ்வேர்டுகூட அவரிடம் இல்லை. மேசை இழுப்பறையில் பிரிக்காத காக்கிக் கவர் கட்டு ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

ஒருவர் இந்தத் தொழிலைவிட்டுப் போனால், அவருடைய வாடிக்கையாளர்கள் பதறிக்கொண்டு தேடி வருவார்கள். நான் பார்த்திருக்கிறேன். அக்காவைத் தேடி யாராவது வருவார்கள் என்று பல மாதம் எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. அவர் செய்த ஒரு தளமும் நிற்கவில்லை. முதலில் இது எனக்கு அவமானமாகப் பட்டது, அவருக்காக. இத்தனை வருடம் உழைத்தவரை ஒருவரும் தேடவில்லையே என்று.

ஒரே ஒரு போன் வந்தது. மண்டபக்காரர்.

"அந்தத் திமிர் புடிச்ச பொண்ணு இருக்காம்மா?"

"வேற வேலைக்குப் போயிட்டாங்க சார். பாஸ்வேர்டா? அவங்ககிட்ட இருக்காதே."

"அது பீரோவுல இருக்கும்மா. சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

இப்போதைய நிலைமை இது. புதிதாக வந்தவற்றையும் சேர்த்து என் கையில் பதினோரு தளங்கள். பதினொன்றின் சாவியும் உரியவர்களிடம். காக்கிக் கவரில் பாதி தீர்ந்துவிட்டது. மருமகள் மீன் விலையைத் தினமும் காலை தானே மாற்றிக்கொள்கிறார். நேற்று புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. தளம் ஓடியது. என்னை யாரும் கூப்பிடவில்லை.